தரையை உயர்த்திவிட்டு டைல்ஸ்: எந்த வீட்டுக்கு எந்த வழி?

"கலவையிலேயே தூக்கிடலாம் சார்."

தரையை உயர்த்த வேண்டும் என்று சொன்னதும் டைல்ஸ் மேஸ்திரி வாயிலிருந்து முதலில் வருவது இந்த வாக்கியம்தான். அரை அங்குலமோ அரை அடியோ, பதில் மாறாது. போன மாதம் மூன்று பேர் இதே பதிலைக் கேட்டுவிட்டு, அது சரியா என்று என்னிடம் வந்தார்கள்.

ஒருவருக்கு மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு. தெருவில் தார் போடப் போட ரோடு ஏறி, வாசற்படியும் தெருவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. (பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அரசு சொன்னது. அவர் தெரு அதற்கு முன்பே ஏறி முடித்திருந்தது.) அவருக்கு ஒரு அடி உயர்த்த வேண்டும். இன்னொருவருக்கு மதுரையில் முதல் மாடி. முன்பக்கத் தாழ்வாரத்தை ஹாலோடு சேர்க்கிறார். தாழ்வாரம் மூன்று அங்குலம் பள்ளம். மூன்றாமவருக்குக் கோவையில் ஃபிளாட். படுக்கையறை ஒரு மூலைக்குக் கால் அங்குலம் வரை வாட்டமாக ஓடுகிறது.

மூன்று பேருக்கும் மூன்று வேறு வழி. எது யாருக்கு என்று பிரிப்பதற்கு முன்னால், எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பதைப் பேசிவிடலாம்.

## முதலில் பார்க்க வேண்டியவை

அடியில் இருப்பது மண்ணா, கான்கிரீட் ஸ்லாபா? இது ஒன்றே பாதி முடிவை எடுத்துவிடும். தரைத்தளத்தில் நீங்கள் போடும் எடை மண்ணுக்குப் போகிறது. மாடியில் அது ஸ்லாபுக்கு, பீமுக்கு, கீழே இருப்பவர் தலைக்கு மேல்.

எத்தனை அங்குலம்? டைல்ஸின் மேல்மட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து கீழே கழித்துக்கொண்டு வாருங்கள். அட்ஹெசிவில் ஒட்டினால் டைல்ஸும் பசையும் சேர்ந்து 15 மி.மீ. போகும். பழைய முறையில் மணல் கலவை விரித்துப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் போகும். இதைக் கழிக்க மறந்துவிட்டுக் கான்கிரீட்டை முழு உயரத்துக்கு ஏற்றி, பிறகு கதவு திறக்காமல் நிற்கிற வீடுகள் நிறைய உண்டு.

எத்தனை நாள் பொறுக்க முடியும்? சிமெண்ட் சம்பந்தப்பட்ட எதுவும் காய்ந்து சுருங்கி முடிக்க நேரம் கேட்கும். அதற்கு முன் ஒட்டின டைல்ஸ், அடியில் நடக்கும் சுருக்கத்துக்குத் தானும் இழுபடும்.

உயர்த்தினால் வேறு எது மாறும்? கதவு, மாடிப்படி, குளியலறை, பிளக் பாயின்ட், சமையல் மேடை. இதைப் பற்றிக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன். செலவு எகிறுவது பெரும்பாலும் அங்கேதான்.

### எடைக் கணக்கு

இதில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மணல்-சிமெண்ட் கலவை ஒரு சதுர அடிக்கு, ஒரு அங்குலத்துக்கு, ஏறக்குறைய 5 கிலோ. ஜல்லி கான்கிரீட் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் பெருக்கல்தான். பத்துக்குப் பன்னிரண்டு அறையை மூன்று அங்குலம் கலவையால் உயர்த்தினால் 120 × 3 × 5 = 1,800 கிலோ. இரண்டு ஆல்டோ காரைக் கொண்டுவந்து படுக்கையறையில் நிறுத்தினாலும் இவ்வளவு வராது.

வீடுகளின் ஸ்லாபை வடிவமைக்கும்போது ஆட்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்கிற எடை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சதுர அடிக்குச் சுமார் 19 கிலோ. தரைப்பூச்சுக்கென்று வழக்கமாகத் தனியாக ஒதுக்குவது அதில் பாதி. அந்த ஒதுக்கீடு இப்போதிருக்கும் மொசைக்கிலேயே தீர்ந்திருக்கும். அதன் மேல் இன்னும் மூன்று அங்குலம் போட்டால், மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் என்று வைத்திருந்த 19 கிலோவில் 15 கிலோவைத் தரையே தின்றுவிடுகிறது. மறுநாளே இடிந்து விழும் என்று பயமுறுத்தவில்லை. ஸ்லாபுக்குப் பாதுகாப்பு விகிதம் என்று ஒன்று உண்டு. ஆனால் அந்த விகிதம் வைத்திருப்பது மேஸ்திரியின் சோம்பலுக்காக இல்லை. பழைய வீடு, கம்பி துருப்பிடித்துக் கீழ்ப்பூச்சு உதிர்கிற ஸ்லாப், பால்கனி போல ஒருபக்கம் மட்டும் பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப் என்றால் அந்த இடத்தில் ஒரு அங்குலம்கூட இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றக்கூடாது.

## வழி 1: லெவலிங் கலவை (3 முதல் 10 மி.மீ. வரை)

பையில் வரும் பொடி. தண்ணீர் ஊற்றி டிரில் மெஷினில் கலக்கி ஊற்றினால், தானே ஓடி மட்டம் பிடித்துக்கொள்ளும். ஓரிரு நாளில் மேலே டைல்ஸ் ஒட்டலாம். சிறிய வாட்டத்துக்கு இதைவிட நேர்த்தியான வழி கிடையாது.

மறைந்திருக்கும் செலவு பொருளின் அளவில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு, ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை வேண்டும். நூறு சதுர அடி அறையில் 5 மி.மீ. ஊற்ற 25 கிலோ பை மூன்று, நான்கு போய்விடும். அதையே ஒரு அங்குலத்துக்கு ஊற்ற நினைத்தால் பை எண்ணிக்கையைப் பார்த்துத் தலை சுற்றும். அடியில் பிரைமர் கட்டாயம். பிரைமர் அடிக்காத தரை கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். மேலே குமிழி குமிழியாக ஓட்டை விழும். கலந்து கால் மணி நேரத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும் என்பதால் ஆள் இரண்டு பேராவது வேண்டும்: ஒருவர் கலக்க, ஒருவர் ஊற்ற.

குளியலறைக்கும் பால்கனிக்கும் ஆகாது. அங்கே தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும். இதுவோ வாட்டத்தை அழிக்கிற சரக்கு.

வித்தியாசம் 5 மி.மீ.க்குள் என்றால் இதுகூடத் தேவையில்லை. அட்ஹெசிவ் கனத்திலேயே சரிக்கட்டிவிடலாம். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. ஐ.எஸ். 15477-ல் உள்ள வகைகளில் இரண்டாம் வகையோ அதற்கு மேலோ பார்த்து வாங்குங்கள். முதல் வகை சாதாரண செராமிக்குக்கானது; விலை குறைவு என்பதால் கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

## வழி 2: மணல்-சிமெண்ட் கலவை (1 முதல் 2 அங்குலம் வரை)

மேஸ்திரி சொல்லும் 'கலவையிலேயே தூக்குவது' இதுதான். தப்பான வழி என்று சொல்ல மாட்டேன். இரண்டு அங்குலம் வரை இதுதான் மலிவு, இதுதான் வேகம், எந்தக் கொத்தனாருக்கும் கை பழகினது. நூறு சதுர அடிக்கு ஒரு அங்குலம் போட, ஒன்றுக்கு ஐந்து கலவையில், ஒன்றரை மூட்டை சிமெண்ட் ஆகும்.

இதைச் செய்யும் விதம் இரண்டு. கலவையை விரித்த சூட்டோடு டைல்ஸையும் வைத்துக்கொண்டே போவது ஒன்று. முதலில் கலவையைப் போட்டு மட்டப்பலகையில் இழுத்து, கியூரிங் செய்து காயவிட்டு, பிறகு அட்ஹெசிவில் ஒட்டுவது இன்னொன்று. முதலாவதில் ஒரே நாளில் அறை முடியும், இரண்டாவதில் மூன்று வாரம் போகும். பெரிய டைல்ஸுக்கு, இரண்டுக்கு நாலு அளவுக்கு, நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பெரிய டைல்ஸைப் பச்சைக் கலவை மேல் வைத்து ரப்பர் சுத்தியால் தட்டும்போது நடுவில் இறங்கும், மூலை தூக்கும். மேஸ்திரி மூலைக்கு அடியில் கொஞ்சம் கலவையைத் திணிப்பார். திணித்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே காற்று நிற்கும்.

மறைந்திருக்கும் பிரச்சினை பிடிமானம். பழைய தரையோடு ஒட்டிப் பிடித்திருந்தால் ஒரு அங்குலக் கலவையே போதும். பிடிக்காமல் தனியாக நின்றால் இரண்டு அங்குலமாவது கனம் வேண்டும். இல்லையென்றால் அப்பளம் மாதிரி வெடிக்கும். பிடிக்க வைப்பதற்குப் பழைய தரையைக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்து, அது காய்வதற்குள் கலவையைக் கொட்ட வேண்டும். சைட்டில் நடப்பதோ வேறு. சித்தாள் அறை முழுக்கச் சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்து வைத்திருப்பார். அந்த நேரம் பார்த்து டீ வரும். திரும்பி வந்தால் பால் வெள்ளையாகக் காய்ந்து பொடியாகி நிற்கும். அதன் மேலேயே கலவை விழும். காய்ந்த பால் பிடிக்காது, பிரிக்கும். அந்த நாளில் நீங்கள் சைட்டில் நிற்பதாக இருந்தால் இந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆறேழு அடி அகலத்துக்கு மேல் ஒரே நேரத்தில் பால் ஊற்ற விடாதீர்கள்.

இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏன் வேண்டாம்? ஒரு வீட்டில் நானே கோட்டைவிட்டிருக்கிறேன். மாடி அறை, நாலு அங்குலப் பள்ளம். வேறு சைட்டில் மாட்டிக்கொண்டதால் "பாத்துப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். சிமெண்ட் கம்மியாக, ஈரமே இல்லாமல், உதிரி மணலாக நாலு அங்குலமும் நிரப்பிவிட்டு, மேலே மட்டும் சிமெண்ட் பால் ஊற்றி டைல்ஸ் வைத்துவிட்டார்கள். பார்க்கக் கண்ணாடி போல இருந்தது. எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். பீரோவின் பின்கால் நின்ற டைல்ஸ் மூலையோடு உடைந்து உள்ளே போயிருந்தது. உடைந்த துண்டை எடுத்துவிட்டு விரலால் கிளறினேன். அடியில் இருந்தது கலவை இல்லை, கடற்கரை.

## வழி 3: சிப்ஸ் கான்கிரீட் (2 முதல் 4 அங்குலம் வரை)

கலவையோடு 6 அல்லது 12 மி.மீ. ஜல்லி சேர்த்து, சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு விகிதத்தில் போடுவது. ஜல்லி இருப்பதால் சுருக்கம் குறைவு, வெடிப்பு குறைவு, பீரோ கால் போன்ற ஒரே இடத்து அழுத்தத்தையும் தாங்கும். இரண்டு அங்குலத்தைத் தாண்டியதும் நான் தயங்காமல் இதற்கு வந்துவிடுவேன், அடியில் மண் இருக்கிறவரை. தரைத்தளத்தில் பழைய கான்கிரீட் நன்றாக இருந்து, உயர்த்த வேண்டியது மூன்று நாலு அங்குலம் மட்டும் என்றால் இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

மாடியில் நிலைமை வேறு. மேலே சொன்ன எடைக் கணக்கில் மிகக் கனமான சரக்கு இதுதான். "செங்கல் ஜல்லி போட்டா எடை கம்மி" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கம்மிதான், ஆனால் ஜல்லி கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் ஏதோ கொஞ்சம். அதை நம்பி ஆறு அங்குலம் ஏற்ற முடியாது.

நாள் கணக்கு: இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்கு ஐ.எஸ். 456 சொல்வது குறைந்தது 10 நாள் ஈரம். பிறகு காய இரண்டு வாரமாவது விடுங்கள். 'ஏழு நாள் போதும்' என்பது கலப்பில்லாத ஓ.பி.சி. சிமெண்ட் காலத்துப் பேச்சு.

## வழி 4: கிராவல் நிரப்பி, மேலே பி.சி.சி. (தரைத்தளம் மட்டும், 5 அங்குலத்துக்கு மேல்)

மடிப்பாக்கம் மாதிரி வீடுகளுக்கு இதுதான். கணக்கை அப்படியே போட்டுக் காட்டுகிறேன். 600 சதுர அடி, ஒரு அடி உயரம். அதில் டைல்ஸுக்கும் அதன் கலவைக்கும் 2 அங்குலம், பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) 4 அங்குலம். மீதி 6 அங்குலம்தான் நிரப்ப வேண்டியது. அது 300 கன அடி, மூன்று யூனிட். இடித்து அமுக்கினால் இறங்கும் என்பதால் நாலு யூனிட் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு நாலுக்கு எட்டு பி.சி.சி. 200 கன அடிக்குச் சிமெண்ட் 20 மூட்டை, எம் சாண்ட் ஒரு யூனிட், ஜல்லி இரண்டு யூனிட்.

நிரப்பச் செம்மண் கிராவல் அல்லது கிரஷர் டஸ்ட். களிமண்ணும் கரிசலும் வேண்டவே வேண்டாம். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இடித்த கட்டடக் குப்பையை நிரப்பி லாரிக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று ஆலோசனை வரும். செங்கல், கான்கிரீட் துண்டு மட்டும் என்றால் உடைத்துப் போடலாம். அதில் சென்ட்ரிங் பலகைத் துண்டு நாலு கிடந்தால் போதும், கரையானுக்கு நீங்களே பந்தி வைத்ததுபோல. நிரப்பியதும் கரையான் மருந்து அடித்துவிட்டுத்தான் பி.சி.சி.

ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் இடித்த பிறகே அடுத்தது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய தரையை அப்படியே விட்டுவிட்டு மேலே கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்தால், அந்தத் தண்ணீர் போக வழியில்லை. நாலு சுவருக்கு நடுவே பழைய கான்கிரீட் ஒரு தொட்டி மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கும். மாதக்கணக்கில் அந்த ஈரம் சுவர் வழியாகவும் டைல்ஸ் இடுக்கு வழியாகவும் மேலே வரும். பழைய தரையில் நாலடிக்கு ஒன்றாக ஓட்டை போட்டுவிடுங்கள். அல்லது தண்ணீரைக் குறைத்து, மண் பிசுபிசுக்கும் அளவுக்கு மட்டும் தெளித்து, காம்பாக்டர் வாடகைக்கு எடுத்து இடியுங்கள்.

இன்னொரு ஈரமும் உண்டு. வீடு கட்டும்போது பேஸ்மட்டத்தில் சுவருக்குக் குறுக்கே ஈரத்தடுப்புப் பூச்சு போட்டிருப்பார்கள். உங்கள் புது மண் அதற்கு மேலே ஏறிச் சுவரைத் தொடுகிறது. தடுப்பைத் தாண்டி ஈரம் ஏற நீங்களே பாலம் கட்டிக் கொடுத்துவிட்டீர்கள். புது மட்டம் வரை சுவர்ப்பூச்சைக் கொத்தி எடுத்து, வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கை அடித்து, பி.சி.சி.க்கு அடியில் கனமான பாலித்தீன் தாளை விரித்துச் சுவரோரம் மடித்து ஏற்றுங்கள். இந்த வேலை எஸ்டிமேட்டில் இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

## வழி 5: எடை குறைந்த நிரப்பு (மாடி, 5 அங்குலத்துக்கு மேல்)

ஏ.ஏ.சி. கல்லை, அந்த இலேசான சாம்பல் நிறக் கல்லை, படுக்கையாக அடுக்கி மேலே கலவை போடுவது. அந்தக் கல் சதுர அடிக்கு ஒரு அங்குலத்துக்கு ஒன்றரை கிலோதான். ஐந்து அங்குலம் உயர்த்த மூன்று அங்குலக் கல்லும் இரண்டு அங்குலக் கலவையும் என்றால் 14, 15 கிலோ. முழுக்கக் கலவை என்றால் 25. பத்து கிலோ வித்தியாசம், ஒவ்வொரு சதுர அடிக்கும்.

கல்லை உலர வைத்தே அடுக்கிவிட்டால் அது மேல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். நனைத்துத்தான் போட வேண்டும். கல் ஆடாதபடி அடியில் மெல்லிய கலவைப் படுக்கை வேண்டும். மேல் கலவையில் கம்பி வலை போடுங்கள், இல்லையென்றால் கல் இடுக்கு எங்கெங்கே இருக்கிறதோ அந்தக் கோட்டிலேயே வெடிப்பு வரும். தெர்மோகோல் பலகையையும் இப்படியே அடியில் போடலாம், எடையே கிடையாது. ஆனால் அழுத்தினால் அமுங்காத கெட்டிரகம் வேண்டும், அதன் மேல் கலவை இரண்டரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. நுரைக் கான்கிரீட் நல்ல சரக்குதான். ஒரு வீட்டு அறைக்குக் கொண்டுவந்து ஊற்ற ஆள் கிடைப்பதுதான் பாடு.

குளியலறைப் பள்ளத்தில் ஏ.ஏ.சி. போடாதீர்கள். ஒரு சின்னக் கசிவு வந்தால் கல் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குத் தவணை முறையில் தரும்.

## வழி 6: உயர்ந்ததை இறக்குவது

யாரும் சொல்லாத வழி இது. பள்ளமான அறையை ஏற்றுவதற்குப் பதில் மேடான அறையின் பழைய தரையை உடைத்து எடுப்பது. மொசைக்கும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலம் இருக்கும். அதை எடுத்தால் உயரமும் சமன்படும், ஸ்லாபிலிருந்து சதுர அடிக்குப் பத்து கிலோ இறங்கவும் செய்யும்.

விலை: தூசி, சத்தம், குப்பை லாரி, அக்கம்பக்கத்தாரின் முகம். உடைக்கும் அதிர்வில் கீழ்வீட்டு சீலிங் பூச்சு விழலாம். சிறிய மெஷினும் நிதானமான ஆளும் வேண்டும். தரையில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று பார்க்காமல் கை வைக்கக்கூடாது. அந்த வீட்டிலேயே குடியிருந்துகொண்டு செய்ய முடியாது. மற்றபடி மாடிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

## ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினால்?

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் புறநகரில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தூக்கலாம், மூன்று அடி வரைகூடத் தூக்கியிருக்கிறார்கள். கதவு, ஜன்னல், கூரை எல்லாம் அதனதன் உயரத்திலேயே இருக்கும் என்பது பெரிய லாபம். பலர் எதிர்பார்க்காதது: எழும்புவது சுவரும் கூரையும்தான், தரை கீழேயே கிடக்கும். அந்த மூன்றடியையும் நிரப்பி, பி.சி.சி. போட்டு, டைல்ஸ் போடும் செலவு தனி. உயர்த்த வேண்டியது ஒன்றரை அடிக்குள் என்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

## ஒரே பார்வையில்

| வழி | உயரம் | எடை (சதுர அடிக்கு, ஒரு அங்குலத்துக்கு) | டைல்ஸ் ஒட்டும் வரை | எங்கே |
|---|---|---|---|---|
| லெவலிங் கலவை | 3–10 மி.மீ. | கனம் குறைவு, கவலையில்லை | ஓரிரு நாள் | ஃபிளாட், சிறு வாட்டம் |
| மணல் கலவை | 1–2 அங்குலம் | 5 கிலோ | 3 வாரம் | தரைத்தளம், நல்ல ஸ்லாப் |
| சிப்ஸ் கான்கிரீட் | 2–4 அங்குலம் | 5.5–6 கிலோ | 3–4 வாரம் | தரைத்தளம் |
| கிராவல் + பி.சி.சி. | 5 அங்குலத்துக்கு மேல் | மண் தாங்கும் | 4 வாரம் | தரைத்தளம் மட்டும் |
| ஏ.ஏ.சி. கல் + கலவை | 5 அங்குலத்துக்கு மேல் | கல் 1.5, மேல் கலவை 5 கிலோ | 3 வாரம் | மாடி |
| உடைத்து இறக்குதல் | 2 அங்குலம் வரை குறையும் | எடை இறங்கும் | அட்ஹெசிவ் என்றால் ஒரு வாரம் | மாடி, பழைய மொசைக் |

## தரைக்கு வெளியே ஆகும் செலவு

கதவின் அடியில் இரண்டு மூன்று அங்குலம்தான் கட்டைச் சட்டம் இருக்கும். அதற்குள் அறுக்கலாம். அதைத் தாண்டி அறுத்தால் ஃபிளஷ் கதவின் உள்பொருள் வெளியே தெரியும், ஈரம் ஏறும். ஒரு அடி உயர்த்தினால் ஏழடி வாசல் ஆறடியாகும். அப்போது கதவை அறுத்துப் பயனில்லை. வாசலுக்கு மேலே இருக்கும் லிண்டலை உடைத்து மேலே ஏற்ற வேண்டும், ஒவ்வொரு வாசலுக்கும். மரநிலையின் கால் புதுக் கான்கிரீட்டில் புதைந்தால் அங்கிருந்து கரையான் தொடங்கும். நிலையை எடுத்து மாற்றுவதே நல்லது.

குளியலறைத் தரை அறையைவிடத் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். அறையை மட்டும் ஒரு அடி ஏற்றினால் குளியலறை குழியாகிவிடும். அதையும் ஏற்றினால் கழிப்பறைக் கோப்பை, தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப், குழாய் எல்லாம் புதிது. சமையல் மேடை மூன்றடியிலிருந்து இரண்டடியாகும். கூரை உயரத்தையும் பாருங்கள்: தேசியக் கட்டட விதித்தொகுப்பு அறைகளுக்குக் கேட்பது குறைந்தது 2.75 மீட்டர், ஒன்பது அடி. ஃபேன் இறக்கை அதற்கும் கீழே சுற்றும்.

## மூவருக்கும் சொன்னது

கோவைக்காரருக்கு லெவலிங் கலவை. பழைய டைல்ஸைத் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வந்த நாலைந்தை மட்டும் பெயர்த்துப் பூசிவிட்டு, பிரைமர், கலவை, மேலே அட்ஹெசிவ். ஒரு வாரத்தில் முடிந்தது.

மதுரைக்காரர் தாழ்வாரத்தை மூன்று அங்குலம் ஏற்றத் தயாராக இருந்தார். தாழ்வாரத்தின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப். ஹாலிலும் எப்படியும் டைல்ஸ் மாற்றுகிறார் என்பதால் அங்கே மொசைக்கை உடைக்கச் சொன்னேன். ஹாலின் புதுத்தரை பழையதைவிட ஒரு அங்குலம் தாழ்ந்தது. தாழ்வாரத்தை ஏற்ற வேண்டியது டைல்ஸோடு சேர்த்து இரண்டு அங்குலமாகக் குறைந்தது; அதில் கலவை ஒன்றரைக்கும் கம்மி. அதையும் அவ்வூர் இன்ஜினியர் ஒருவர் வந்து ஸ்லாபைப் பார்த்துச் சரி என்ற பிறகே போட்டார்கள்.

மடிப்பாக்கத்துக்காரருக்கு வழியில் குழப்பமில்லை, கிராவலும் பி.சி.சி.யும்தான். உயரத்தில்தான் சிக்கல் வந்தது. வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இருக்கிறது என்றார். ஒரு படி எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லச் சொன்னேன். ஏழு அங்குலம். ஒரு அடி ஏற்றினால் முதல் படி முழுக்கப் புதைந்து, இரண்டாவது படி இரண்டு அங்குலம் மட்டும் தலை நீட்டும். இருட்டில் இறங்கி வருகிற யாரும் அதில் தடுக்கி விழுவார்கள். கூரை பத்தரை அடி இருந்தது. பதினாலு அங்குலமாக ஏற்றச் சொன்னேன்; இரண்டு படி சுத்தமாக மறைந்துவிடும், மற்றதெல்லாம் பழையபடி ஏழு அங்குலமாகவே நிற்கும், தலைக்கு மேலும் ஒன்பது அடி நாலு அங்குலம் மிஞ்சும். அந்த இரண்டு அங்குலத்துக்குக் கூடுதலாக ஆனது ஒரு யூனிட்டும் கொஞ்சமும் கிராவல்.